காப்பின்னு தெரிஞ்ச பிறகும் அந்தப் பாட்டு பிடிக்குதே, என்ன பண்றது?

தம்பி கேட்டதை முதல்ல சுருக்கமா சொல்லிடறேன். தம்பிக்கு கிருஷ்ணகிரி பக்கம், வேலை ஓசூர் சிப்காட்ல. கம்பெனி பஸ்ல கூட வர்ற ஒருத்தர், இவர் போன்ல எந்தப் பாட்டு ஓடினாலும் உடனே யூடியூப்ல ஒரு ஸ்பானிஷ் பாட்டோ கொரியன் பாட்டோ எடுத்து வச்சு "இந்தா, இதுதான் ஒரிஜினல், நீ கேக்குறது எச்சில்"ங்கறாராம். படம்னாலும் இதே கதைதான். இவர் "எனக்குப் பிடிச்சிருக்கு, ரசனை அவங்கவங்க இஷ்டம்"னு சொன்னா "அது தோத்தவன் பேசுற பேச்சு"ன்னு மடக்கிடறாராம், பஸ்ல இருக்கறவங்களும் சிரிக்கிறாங்களாம். ஒரிஜினல் இல்லாததை ரசிக்கிறது ரசனைக் குறைவா, அந்தப் பாட்டையெல்லாம் போன்லேருந்து அழிச்சுடணுமா, இதான் தம்பியோட கேள்வி.

நான் தர்மபுரியில ரொம்ப வருஷம் கேசட் ரெக்கார்டிங் கடையில இருந்தவன், இப்பவும் கோயில் திருவிழாக் கச்சேரிகள்ல கீபோர்டு வாசிக்கிறேன். இந்தச் சண்டை கடைக்கு முன்னாடி தினமும் நடக்கும். என் பதில் இதுதான்: உங்க நண்பர் ஒரு போட்டியில ஜெயிச்சுட்டு வேற போட்டிக்கான கோப்பையைத் தூக்கிட்டுப் போறாரு. ஒரு பாட்டு எங்கேருந்து வந்துச்சுங்கறது தேடிக் கண்டுபிடிக்கக்கூடிய விஷயம், ஆதாரம் காட்டலாம், அதுல அவர் சொல்றது சரியாவே இருக்கலாம். எடுத்தவன் மூலக்காரனுக்குப் பேரும் காசும் கொடுத்தானாங்கறது நியாயம் சம்பந்தப்பட்ட விஷயம், அதுக்குப் பதில் சொல்ல வேண்டியது எடுத்தவன், கேக்குற நீங்க இல்ல. அந்தப் பாட்டு நல்லா இருக்கா இல்லையாங்கறது இது ரெண்டையும் வச்சு முடிவாகாது. காப்பின்னு நிரூபிச்சுட்டா உங்களுக்கு வந்த சந்தோஷம் பொய்யாயிடாது, அதே மாதிரி உங்களுக்குப் பிடிச்சுப்போச்சுங்கறதால எடுத்தவன் பண்ணது சரின்னும் ஆயிடாது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இதைத்தான் குழப்பிக்கிறாங்க.

முதல்ல காப்பின்னா எதுன்னு பாப்போம், ஏன்னா பாதி "காப்பி" குற்றச்சாட்டு காப்பியே கிடையாது. கீபோர்டுல வெள்ளைக் கட்டையில ஸ-வுல ஆரம்பிச்சு வரிசையா மேல போனா ஸ்வர அளவுல அது சங்கராபரண ராகம். அதுல ம-வை மட்டும் பக்கத்துல இருக்கற கருப்புக் கட்டைக்கு மாத்துங்க, கல்யாணி வந்துடும், ஒரே ஒரு கட்டைதான். இப்ப அந்தக் கல்யாணியில வந்த பாட்டுங்களைப் பாருங்க. 1957ல அம்பிகாபதி படத்துல ஜி.ராமநாதன் போட்ட 'சிந்தனை செய் மனமே', 1967ல திருவருட்செல்வர்ல கே.வி.மகாதேவன் போட்ட 'மன்னவன் வந்தானடி', 1982ல இளையராஜா போட்ட 'ஜனனி ஜனனி', அதே வருஷம் அவரே போட்ட 'வெள்ளைப் புறா ஒன்று', அப்புறம் 1992ல மன்னன்ல 'அம்மா என்றழைக்காத'. எல்லாம் ஒரே ஏழு ஸ்வரம். யாராவது இதுல ஒண்ணு இன்னொண்ணோட காப்பின்னு சொல்வாங்களா? ஒண்ணு ராஜசபையில கம்பீரமா நிக்குது, ஒண்ணு அம்மன் சன்னதியில உக்காந்து உருகுது, ஒண்ணு காதலன் குரலு, ஒண்ணு மகன் குரலு. ராகம் ஊர்ப் பொதுச்சொத்து. தாளமும் அப்படித்தான், கித்தார்ல நாலு கார்டு, அதாவது சேர்த்து மீட்டுற ஸ்வரக் கூட்டு, திரும்பத் திரும்ப வர்றதும் அப்படித்தான், உலகம் பூரா ஆயிரக்கணக்கான பாட்டு அதே நாலு கார்டு மேலதான் உக்காந்திருக்கு. உங்க நண்பர் காட்டுற பாட்டுல பாதி இந்தக் கணக்குல வரும்னு நினைக்கிறேன், ட்ரம்ஸ் ஒரே மாதிரி இருக்கும், சத்தம் ஒரே மாதிரி இருக்கும், ஏன்னா உலகத்துல எல்லாரும் இப்ப ஒரே சாஃப்ட்வேர்ல ஒரே சத்தத்தை வச்சுதான் வேலை பாக்குறாங்க. அது இந்தக் காலத்து ஃபேஷன், திருட்டு இல்ல.

ராகம் கடந்து வர்ணத்தையே, அதாவது கர்நாடக சங்கீதத்துல ஒருத்தர் ஒரு ராகத்துல கட்டி வச்ச பாடத்தையே எடுத்தாலும், அதைத் திறந்து வச்சு எடுக்கலாம். 1988ல அக்னி நட்சத்திரத்துல 'நின்னுக்கோரி'ன்னு ஒரு பாட்டு, மோகனம். பூச்சி ஸ்ரீனிவாச ஐயங்காரோட மோகன வர்ணம் அந்த வார்த்தையிலதான் ஆரம்பிக்கும், பாட்டு கத்துக்கப் போற பிள்ளைங்க சீக்கிரமே பாடுற வர்ணம் அது. பாட்டோட முதல் வார்த்தையே எங்கேருந்து வருதுன்னு சொல்லிடுது, அதுக்கப்புறம் அந்த வீட்டுலேருந்து கிளம்பி அது எங்கெங்கேயோ போயிடுது.

சரி, அப்ப நிஜமான காப்பியை எப்படிக் கண்டுபிடிக்கிறது? நான் பண்றது இது. ரெண்டு பாட்டையும் ஒரே சுருதிக்குக் கொண்டு வரணும், வேகத்தைக் குறைக்கணும், ட்ரம்ஸ் பேஸ் கார்டு எதுவும் இல்லாம பாடுறவரோட வரியை மட்டும் ஒத்தை விரல்ல வாசிச்சுப் பாக்கணும். பல்லவியோட முதல் ரெண்டு வரி அதே ஸ்வரம், அதே நீட்டல், அதே இடத்துல நிறுத்தம்னு வந்துச்சுன்னா அது எடுத்ததுதான், பேசவே வேணாம். ஆரம்பத்துல ரெண்டு மூணு ஸ்வரம் மட்டும் ஒத்துப்போய் அப்புறம் பிரிஞ்சு போகுதுன்னா விட்டுடுங்க, பன்னெண்டு கட்டைக்குள்ள அது எல்லாருக்கும் நடக்கும். இதுல இன்னொண்ணு, பல்லவியை விட்டுட்டு நடுவுல வர்ற மியூசிக்கை மட்டும் அப்படியே தூக்கி வைக்கிறது, அது நிறைய நடந்திருக்கு, நம்ம ஜனங்க பாடுற வரியை மட்டும்தான் ஞாபகம் வச்சுப்பாங்கன்ற தைரியம்தான் காரணம். அதுவும் எடுத்ததுதான்.

எடுத்தவனுக்கே தெரியாம எடுக்கறதும் உண்டு. பீட்டில்ஸ்ங்கற இங்கிலீஷ் பேண்டுல இருந்த ஜார்ஜ் ஹாரிசன் 1970ல வெளியிட்ட 'மை ஸ்வீட் லார்ட்' பாட்டு, 1963ல சிஃபான்ஸ்ங்கற குழு பாடின 'ஹீ'ஸ் சோ ஃபைன்' மெட்டுதான்னு கேஸ் போட்டாங்க. 1976ல அமெரிக்க நீதிபதி சொன்ன தீர்ப்பு ரொம்ப சுவாரசியம், ஹாரிசன் வேணும்னு பண்ணல, ஆனா எப்பவோ கேட்ட மெட்டு ஆழ்மனசுல கிடந்து வெளிய வந்துடுச்சு, இருந்தாலும் காப்பி காப்பிதான்னு சொல்லிட்டாரு. மெட்டு கட்டுற எவனுக்கும் இந்தப் பயம் உண்டு. ராத்திரி ஒரு மெட்டு தானா வந்து விழுந்துச்சுன்னா காலையில முதல் வேலை நாலு பேர்கிட்ட வாசிச்சுக் காட்டி "இது எங்கேயாவது கேட்டிருக்கீங்களா"ன்னு கேக்கறதுதான்.

நம்ம ஊர்லயும் 2025ல டெல்லி ஹைகோர்ட்ல இதே விவகாரம். பொன்னியின் செல்வன் ரெண்டாம் பாகத்துல வர்ற 'வீரா ராஜ வீர' பாட்டு, துருபத்ங்கற வடநாட்டு சங்கீதப் பாணியில பாடுற தாகர் குடும்பத்துப் பாடகர்களோட சிவ ஸ்துதியிலேருந்து வந்ததுன்னு அந்தக் குடும்பத்து வாரிசு கேஸ் போட்டாரு. ஏப்ரல்ல தனி நீதிபதி இடைக்கால உத்தரவுல அவங்க பேரைப் போடணும், ரெண்டு கோடி ரூபா கோர்ட்ல கட்டணும்னாரு, செப்டம்பர்ல ரெண்டு நீதிபதி பெஞ்ச் அந்த உத்தரவை ரத்து பண்ணிடுச்சு. ராகம் பொது, துருபத் பாணி பொது, ஆனா அதுக்குள்ள ஒருத்தர் கட்டின உருப்படி பொது இல்ல, அந்தக் கோடு எங்க விழுதுன்னு ஹைகோர்ட்லயே ரெண்டு தடவை ரெண்டு விதமா வருதுன்னா கம்பெனி பஸ்ல அரை நிமிஷத்துல முடிவு பண்றதெல்லாம் கொஞ்சம் ஓவர்.

இப்ப நம்ம ஊர் விஷயத்துக்கு வர்றேன், எனக்கு இதுதான் முக்கியமாப் படுது. பென்னாகரம் பக்கமோ பாலக்கோடு பக்கமோ திரௌபதி அம்மன் கோயில்ல பாரதக் கூத்து பாத்திருப்பீங்க. அதுல ஒரிஜினல் கதைன்னு ஒண்ணாவது இருக்கா? கர்ண மோட்சம் நடக்குற ராத்திரி கர்ணன் சாவான்னு கைக்குழந்தைக்குக் கூட தெரியும். தெரிஞ்சும் சாக்கு விரிச்சு விடிய விடிய உக்காந்திருக்காங்க. எதுக்கு? கர்ணன் போருக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி பொஞ்சாதி பொன்னுருவிகிட்ட விடை கேக்க வர்ற இடம் இருக்கே, பிறப்பைச் சொல்லிக் காலமெல்லாம் அவனை ஒதுக்கினவ அவ, அந்த இடத்துல கர்ணன் வேஷக்காரர் என்ன பண்றாருன்னு பாக்கத்தான். கிரீடம் புஜகீர்த்தி எல்லாம் கட்டினா அந்த உடம்பு பாதி மரக்கட்டை மாதிரி ஆயிடும், முகத்துல அரிதாரம், கைல இருக்கறது குரலும் காலும் மட்டும்தான். ஒரு தடவை அப்படிப் பாத்துட்டிருக்கும்போது எனக்குப் பின்னாடி ஒரு பாட்டி பக்கத்துல இருந்த பொம்பளகிட்ட சொல்லுச்சு, "போன வருசம் வந்த கர்ணன் இந்த இடத்துல குரலை எறக்கினான்டி, அழுவ வந்துச்சு, இவன் கத்தறான், கத்தினா கோவந்தான் தெரியும், துக்கம் எப்படித் தெரியும்?" இதுதான் தம்பி விமர்சனம். கதை எங்கேருந்து வந்துச்சுன்னு அந்தப் பாட்டிக்குக் கவலையே இல்ல, அது வியாசர்கிட்டேருந்து வந்தது, வில்லிபுத்தூரார்கிட்டேருந்து வந்தது, கூத்து வாத்தியாரோட அப்பாகிட்டேருந்து வந்தது. இந்த ஆள் அந்த இடத்துல என்ன பண்ணான், அதுதான் அவங்க கேள்வி. அதே சமயம் "எனக்குப் பிடிக்கல, என் இஷ்டம்"னும் அவங்க விட்டுடல, எந்த இடம், எதனாலன்னு விரல் வச்சுக் காட்டிட்டாங்க.

அதே கர்ணன் 1991ல தளபதியா வந்தான், துரியோதனன் நட்பு, ஆத்துல விட்ட குழந்தை எல்லாம் அப்படியே இருக்கு, மணிரத்னமும் அதை மறைக்கல. அதுல புதுசுன்னு என்ன இருக்குன்னா, கர்ணன் கடைசியில சாகல. கூத்து பாத்து வளந்தவனுக்கு அது எவ்வளவு பெரிய மாத்தம்னு கதை தெரியாதவனுக்குப் புரியாது. மூலம் தெரிஞ்சவனுக்குத்தான் புதுசு எதுன்னே தெரியும், இதை உங்க நண்பருக்கும் சொல்லுங்க, அவர் மூலத்தைத் தேடுறது நல்ல பழக்கம்தான், ஆனா தேடிட்டு பாதியிலேயே நிறுத்திடறாரு. ரெண்டுக்கும் நடுவுல என்ன மாறிச்சுன்னு பாக்கணும்ல, ருசியே அங்கதான இருக்கு.

இன்னொரு பழைய வழக்கம் சொல்றேன். நம்ம பழைய பாட்டுப் புஸ்தகங்கள்ல, பஜனைப் பாட்டு, கும்மிப் பாட்டு, கட்சிப் பாட்டு எதை எடுத்தாலும், தலைப்புக்குக் கீழ "இன்ன பாட்டு வர்ணமெட்டு"ன்னு அச்சுல போட்டிருக்கும். வேற பாட்டோட மெட்டுல எழுதினதுன்னு அர்த்தம், கூச்சமே கிடையாது. பாரதியாரே பண்ணியிருக்காரு. 'தொண்டு செய்யும் அடிமை'ன்னு ஒரு பாட்டு, வெள்ளைக்காரன் இந்தியனைப் பாத்து உனக்கெல்லாம் சுதந்திர நினைப்பாடான்னு அதட்டுற மாதிரி. அதை கோபாலகிருஷ்ண பாரதியோட நந்தன் சரித்திரத்துல ஆண்டை நந்தனை அதட்டுற பாட்டு மெட்டுல எழுதி, இந்த மெட்டுன்னு மேலயே போட்டுட்டாரு. இதுல என்ன அழகுன்னா, மெட்டு தெரிஞ்சவங்க காதுல ரெண்டு பாட்டும் ஒண்ணா கேக்கும், பண்ணையாரும் வெள்ளைக்காரனும் ஒரே ஆள்னு பாட்டுல எங்கயும் எழுதாமலே புரிஞ்சுடும். மெட்டைப் புதுசா போட்டிருந்தா இந்த அடி விழுந்திருக்காது.

அதுக்கும் முன்னாடி முத்துசாமி தீட்சிதர். 1775லேருந்து 1835 வரைக்கும் இருந்தவர், கர்நாடக சங்கீத மும்மூர்த்திகள்ல ஒருத்தர், இவருக்கு மேல சுத்தம் யாரைச் சொல்வீங்க? அவரே இங்கிலீஷ் பேண்டு வாசிச்ச மெட்டுங்களை எடுத்து சமஸ்கிருதத்துல சாகித்யம், அதாவது பாட்டு வரி, போட்டிருக்காரு, நோட்டுஸ்வரம்னு பேரு, அதுல 'சந்ததம் பாஹிமாம்' கேட்டுப் பாருங்க, பிரிட்டிஷ்காரங்களோட தேசிய கீத மெட்டு அம்பாள் மேல பாட்டா இருக்கும். கூத்துல வாத்தியார் பக்கத்துல இருக்கற ஹார்மோனியம் கூட பிரான்ஸ்ல 1840கள்ல பிறந்த பெட்டிதான். எடுக்கறது தப்பில்ல, எடுத்து ஆளறதுதான் கலையே.

தப்பு எங்க ஆரம்பிக்குதுன்னா, மறைக்கிறப்ப. உயிரோட இருக்கற ஒருத்தன் உழைச்சு கட்டின மெட்டை, அவனுக்கு வர வேண்டிய காசையும் பேரையும் கொடுக்காம எடுத்து, மேடையேறி "இது எனக்கு ஆத்தங்கரையில தோணிச்சு"ன்னு பேட்டி கொடுக்கறப்ப. அதைத் தைரியமா திருட்டுன்னு சொல்லுங்க, உங்க நண்பர் கூட சேர்ந்து சொல்லுங்க. சட்டமும் ஓரளவு இந்தக் கோட்டுலதான் நிக்குது. 1978ல சுப்ரீம் கோர்ட்ல ஆர்.ஜி.ஆனந்த் கேஸ்னு ஒண்ணு, தன் நாடகத்தைத் திருடி 'நியூ டெல்லி'ன்னு படம் எடுத்துட்டாங்கன்னு ஒரு நாடகக்காரர் போட்டது. கருவுக்கும் கதைப் போக்குக்கும் யாரும் சொந்தம் கொண்டாட முடியாது, அதைச் சொன்ன விதத்துக்குத்தான் உரிமை, ரெண்டையும் பாத்த சாதாரண ஆளுக்கு இது அதோட நகல்தான்னு சந்தேகமில்லாம தோணணும், அப்பதான் குற்றம்னு கோர்ட் சொல்லிச்சு, ஆனந்த் தோத்தாரு.

திருட்டும் நல்ல படமும் ஒரே படமா இருக்க முடியுமான்னு கேட்டா, முடியும். ஜப்பான் டைரக்டர் அகிரா குரோசாவாவோட யோஜிம்போ படம் 1961. ஒரு ஊர்ல ரெண்டு கோஷ்டி, வெளியூர்லேருந்து வந்த ஒத்தை சாமுராய் ரெண்டையும் மோத விட்டு ஒழிக்கிறான். 1964ல இத்தாலி டைரக்டர் செர்ஜியோ லியோனி அதை அப்படியே கௌபாய் படமாக்கி 'எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்'னு வெளியிட்டாரு, உரிமை வாங்கல. ஜப்பான் கம்பெனி கேஸ் போட்டு, கோர்ட்டுக்கு வெளிய சமாதானம் ஆகி, குரோசாவா பக்கத்துக்கு லாபத்துல பங்கு போச்சு. குரோசாவா லியோனிக்கு எழுதின கடிதாசியில, நல்ல படம், ஆனா அது என் படம்னு சொன்னதா ஒரு பேச்சு உண்டு. ஒரே மூச்சுல ரெண்டையும் சொல்றாரு பாருங்க. நல்ல படம்ங்கறதால கேஸை விடல, கேஸ் போட்டதால நல்லா இல்லன்னு பொய்யும் சொல்லல. அந்தப் படத்துல லியோனி வைச்ச நெருக்கமான முக ஷாட்டும் இசையமைச்ச மோரிகோனேவோட விசில் மியூசிக்கும் குரோசாவாகிட்ட கிடையாது, அதுதான் அப்புறம் உலகம் பூரா கௌபாய் படத்தோட குரலாவே ஆச்சு. காசைக் கொடுத்துட்டா கணக்கு முடிஞ்சுது, ரசிக்கிறதுல ஒரு தடையும் இல்ல.

ரீமேக் விஷயத்துல ஓசூர்க்காரங்க கூட வாக்குவாதம் பண்றது தனி சுகம், ஏன்னா அங்க ஒரே தெருவுல தமிழ், தெலுங்கு, கன்னடம் மூணும் ஓடும். எங்க குழுவுல தபேலா வாசிக்கிறவர் தேன்கனிக்கோட்டை, வீட்டுல கன்னடம். அவருக்கு சந்திரமுகி ஒரு நகல். 2004ல வந்த ஆப்தமித்ராதான் ஒரிஜினல், சௌந்தர்யாவைப் பாத்த கண்ணுக்கு ஜோதிகா ரொம்ப ஜாஸ்தியா பண்ற மாதிரி இருக்காம். எங்களுக்கோ 2005ல வந்த சந்திரமுகிதான் எல்லாம், ஆப்தமித்ராவை டிவியில பாத்தப்ப "ஏதோ டம்மியா இருக்கே"ன்னு தோணிச்சு. ரெண்டையும் எடுத்தது ஒரே பி.வாசு, ரெண்டுக்கும் அப்பன் 1993ல ஃபாசில் எடுத்த மலையாள மணிச்சித்திரத்தாழு, அதுல நடிச்ச ஷோபனாவுக்கு தேசிய விருதே கிடைச்சுது. அதாவது நானும் தபேலாக்காரரும் மல்லுக்கட்டினது எது ஒரிஜினல்னு இல்ல, யாரு எதை முதல்ல பாத்தோம்னுதான். கில்லியும் அப்படித்தான், 2003ல வந்த தெலுங்கு ஒக்கடு ஹைதராபாத்லயும் கர்னூல்லயும் நடக்கும், 2004ல கில்லி அதைச் சென்னைக்கும் மதுரைக்கும் கொண்டு வந்துச்சு, 2006ல புனித் ராஜ்குமார் நடிச்சு கன்னடத்துல அஜய்னு வந்துச்சு. மூணையும் பாத்த ஓசூர்க்காரர்கிட்ட எது பெஸ்ட்னு கேளுங்க, பத்துல ஒன்பது பேர் முதல்ல பாத்ததைத்தான் சொல்வாங்க.

இங்கதான் உங்க பக்கத்தையும் கொஞ்சம் குத்தணும் தம்பி. "ரசனை அவங்கவங்க இஷ்டம்"ங்கறீங்க, அது அவ்வளவு உங்க இஷ்டம் இல்ல. 1968ல ராபர்ட் சயோன்க்னு ஒரு மனவியல் ஆய்வாளர் காட்டினது, ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பப் பாத்தாலோ கேட்டாலோ போதும், அதுவே பிடிச்சுப்போயிடும், வேற காரணமே வேண்டியதில்ல. இதை நான் ஆய்வைப் படிக்கறதுக்கு முன்னாடியே கடையில பாத்துட்டேன். ஜனங்க பேப்பர்ல பாட்டு லிஸ்ட் எழுதிக் கொண்டு வருவாங்க, அறுபது நிமிஷ கேசட்டு, ஒரு பக்கம் அரை மணி நேரம். ஆறு பாட்டு ஏத்தின பிறகு கடைசியில ஒரு பாட்டு போடுற அளவு டேப் மிச்சம் இருக்கும், அந்த இடத்துல நம்ம இஷ்டத்துக்கு ஏதாவது ஒரு பாட்டைப் போட்டு நிரப்பிடுவோம், அவங்க கேக்காத பாட்டு. கொஞ்ச நாள் கழிச்சு அதே ஆள் வந்து "அண்ணா, போன கேசட்ல கடைசியா ஒண்ணு வருமே, அதே மாதிரி பாட்டா ஒரு கேசட் போட்டுக் குடுங்க"ம்பாரு. முதல் நாள் கேட்டிருந்தா வேணாம்னுதான் சொல்லியிருப்பாரு. டேப்பைத் திருப்பிப் போட சோம்பல்பட்டு தினமும் கேட்டதுல அது அவரோட ரசனையாவே ஆயிடுச்சு.

வயசும் சேர்ந்துக்கும். 1989ல ஹோல்புரூக், ஷிண்ட்லர்னு ரெண்டு பேர் அமெரிக்காவுல பண்ண ஆய்வுல, ஜனங்களுக்கு ரொம்பப் பிடிச்ச பாட்டு அவங்களுக்குச் சுமார் 24 வயசு இருந்தப்ப வந்த பாட்டாதான் இருந்துச்சு. அதனால "எங்க காலத்துப் பாட்டு மாதிரி வருமா"ன்னு உங்க மாமா சொன்னா அவர் பாட்டைப் பத்திப் பேசலன்னு வச்சுக்கோங்க.

கூட்டத்தோட இழுவை இன்னும் மோசம். 2006ல சல்கானிக், டாட்ஸ், வாட்ஸ்னு மூணு பேர் ஒரு சோதனையை வெளியிட்டாங்க. யாருக்கும் தெரியாத பேண்டுகளோட 48 பாட்டு, கேக்க வந்தவங்க 14,000 பேருக்கு மேல. சிலருக்கு வெறும் பாட்டு மட்டும், மத்தவங்களைத் தனித்தனிக் கூட்டமாப் பிரிச்சு, அவங்க கூட்டத்துல எத்தனை பேர் டவுன்லோடு பண்ணாங்கன்னும் காட்டினாங்க. எண்ணிக்கையைக் காட்டின உடனே ஹிட்டு பெரிய ஹிட்டு ஆச்சு, ஃப்ளாப்பு பெரிய ஃப்ளாப்பு ஆச்சு. அதை விட வேடிக்கை, ஒரு கூட்டத்துல மேல வந்த பாட்டு இன்னொரு கூட்டத்துல கீழ கிடந்துச்சு. ரொம்ப நல்ல பாட்டு அடியோட தோக்கல, ரொம்ப மோசமான பாட்டு ஜெயிக்கல, நடுவுல இருக்கற அத்தனையும் காத்தடிச்ச பக்கம் போச்சு. வியூஸ் எண்ணிக்கையைப் பாத்துட்டுப் பாட்டைக் கேக்குற நம்ம எல்லாருக்கும் இது பொருந்தும், பஸ்ல கூட்டமா சிரிக்கிறவங்களுக்கும் சேர்த்துத்தான்.

அதுக்காக ரசனையை மேலேருந்து யாராவது வந்து திருத்தட்டும்னும் சொல்லல, அதை அரசாங்கமே பண்ணிப் பாத்து கையைச் சுட்டுக்கிச்சு. ஆல் இந்தியா ரேடியோ ஹார்மோனியத்தை 1940லேருந்து 1971 வரைக்கும் தடை பண்ணி வச்சிருந்துச்சு, நம்ம சங்கீதத்துக்கு ஒத்து வராதாம், அந்த முப்பது வருஷமும் கூத்துக்காரங்க அதைத் தோள்ல தூக்கிட்டு ஊர் ஊரா போயிட்டுத்தான் இருந்தாங்க. 1952ல தகவல் ஒலிபரப்பு மந்திரியா வந்த பி.வி.கேஸ்கர் சினிமாப் பாட்டு தரம் இல்லன்னு ரேடியோவுல அதைச் சுருக்கிட்டாரு, ஜனங்க சாஸ்திரிய சங்கீதத்துக்குத் திரும்பினாங்களா? முள்ளைத் திருப்பி சிலோன் ரேடியோவுக்குப் போயிட்டாங்க. கடைசியில 1957 அக்டோபர்ல விவித் பாரதி ஆரம்பிச்சு அதே சினிமாப் பாட்டைப் போட வேண்டியதாச்சு.

அப்ப ரசனையைப் பத்திப் பேசவே கூடாதான்னா, தாராளமா பேசலாம், அந்தப் பாட்டி பேசின மாதிரி. எனக்குப் பிடிச்சிருக்குன்னு மட்டும் சொல்லாதீங்க, எந்த இடம் பிடிச்சிருக்குன்னு சொல்லுங்க. ரெண்டாவது சரணம் ஆரம்பிக்கறப்ப வயலின் எல்லாம் நின்னு புல்லாங்குழல் மட்டும் மிஞ்சுதே, அந்த இடம்னு சொல்லுங்க, அப்ப எதிர்ல இருக்கறவர் அந்த இடத்தைக் கேட்டே ஆகணும், கேட்டா ஒண்ணு ஒத்துப்பாரு இல்ல "அந்தக் குழல் அங்க வேஸ்ட், பாட்டோட வேகத்தைக் கெடுக்குது"ம்பாரு, ரெண்டுல எது நடந்தாலும் பேச்சு வளரும். மூலத்தைப் போட்டுக் காட்டினாருன்னா, "சரி எடுத்துட்டான், எடுத்ததுல என்னத்தை மாத்தியிருக்கான்"னு கேளுங்க. ஒண்ணுமே மாத்தலைன்னா அவர் சொன்னது சரி, அந்தப் பாட்டு நல்லா இருக்கற அளவுக்குப் புகழ் அந்த ஸ்பானிஷ்காரனுக்குப் போகட்டும், உங்களுக்கு வந்த சந்தோஷமும் அவன் கொடுத்ததுதான்.

அவர்கிட்ட இன்னொண்ணும் கேளுங்க, இது எனக்கு ரொம்ப நாளா உள்ள இருக்கறது. வெளிநாட்டு பேண்டோட மெட்டை எடுத்தா இவ்வளவு கோபம் வருதே, நம்ம பக்கத்து பம்பைக்காரங்க அடியை, நாத்து நடற பொம்பளைங்க பாட்டை, ஒப்பாரியை எடுத்து சினிமாவுல வைக்கிறப்ப "நாட்டுப்புற மெட்டு"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சுடறாங்களே, அப்ப ஏன் யாரும் யூடியூப் லிங்க் போடறதில்ல? சிஃபான்ஸ் குழுவோட மெட்டுக்குச் சொந்தக்காரக் கம்பெனி இருந்துச்சு, வக்கீல் இருந்தாரு. மாரியம்மன் பண்டிகையில பம்பை அடிக்கிறவர் அப்பன் பாட்டன் கைலேருந்து வாங்கின அடி அது, எந்தப் பேப்பர்லயும் எழுதி வைக்கல, அந்த அடிக்குச் சொந்தக்காரர்னு சட்டத்துல காட்ட அவர்கிட்ட ஒண்ணும் கிடையாது. ஸ்டூடியோவுக்கு ஒரு நாள் கூட்டிட்டுப் போய் வாசிக்க வச்சு, அன்னைக்குச் சம்பளம் கொடுத்து அனுப்பிச்சா அதோட சரி, அதை வெட்டி லூப்பா மாத்தி எத்தனை பாட்டுக்குப் போட்டாலும் அவருக்குத் தெரியப்போறதில்ல. ஒரிஜினல் ஒரிஜினல்னு பேசறவங்க இதுலேருந்து ஆரம்பிச்சா நான் முதல் ஆளா கை தூக்குவேன்.

அழிக்கணுமான்னு கேட்டீங்கல்ல, அழிக்காதீங்க. அவர் காட்டின மூலப் பாட்டையும் அதுக்குப் பக்கத்துலயே சேத்து வச்சு ரெண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்க, கிருஷ்ணகிரியிலேருந்து ஓசூர் போறதுக்குள்ள தாராளமா நேரம் இருக்கு. கேட்டுட்டு எதுல எந்த இடம் உசத்தின்னு உங்களுக்குத் தோணுதோ எழுதுங்க, நான் கீபோர்டுல வாசிச்சுப் பாத்துட்டு சொல்றேன்.